தானியங்கும் ஆலையும் தவறாத நிறைகோலும்

(உரையின் எழுத்து வடிவம்)

 

நாமக்கல் மாவட்டத்தில், கொல்லிமலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது சேந்தமங்கலம். அறுவடைக் காலத்தில் அவ்வட்டாரத்துச் சாலைகளில் செல்வோர், மண் ஒட்டிய மரவள்ளிக் கிழங்கை உயரக் குவித்து ஏற்றிய லாரிகளும் டிராக்டர்களும் ஆலைகளை நோக்கி ஊர்ந்து செல்வதைக் காணலாம். ஆலையின் வாயிலில் எடைமேடை இருக்கும். வண்டி அதன்மேல் ஏறி இறங்கும். பின்னர்ச் சுமையிலிருந்து சில கிழங்குகளை எடுத்து, அவற்றில் மாவுச்சத்து எவ்வளவு உள்ளது என்று அளப்பர். அந்த அளவுக்கு அவ்வட்டாரத்தில் ‘பாயின்ட்’ என்று பெயர். எட்டு முதல் பத்துத் திங்கள் வரை ஓர் உழவர் குடும்பம் பட்ட பாட்டின் விலை, அந்தச் சில மணித்துளிகளில் ஓர் எண்ணாக முடிவாகிவிடுகின்றது.

‘ஸ்மார்ட்’ தொழில்நுட்பம், தானியங்கி உற்பத்தி என்னும் சொற்களைக் கேட்டவுடன் திருப்பெரும்புதூரிலும் ஓசூரிலும் உள்ள பெருந்தொழிற்சாலைகளே பலர் நினைவுக்கு வருகின்றன. மகிழுந்தின் உடற்பகுதியைப் பற்றவைக்கும் இயந்திரக் கைகள், ஆளின்றி ஓடும் பொருள்வண்டிகள் ஆகியவற்றின் படங்களை நாளிதழ்களில் காண்கின்றோர் பலர். ஆனால் அதே மாற்றம் சிற்றூர் ஆலைகளுக்குள்ளும் ஓசையின்றி நுழைந்து வருகின்றது. சேலம், நாமக்கல் சமவெளியின் சேகோ ஆலைகள் அதற்குத் தக்க எடுத்துக்காட்டு. விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களிலும் மரவள்ளி விளைகின்றது. ஆகையால் அம்மாவட்டங்களில் நிலம் உடைய குடும்பங்களுக்கு இஃது அயலார் கதையன்று.

கிழங்கு வகைகளை உணவில் விலக்கும் இல்லங்களில் ஜவ்வரிசியைப் பற்றிய வினா எழுவது இயல்பே. அவரவர் ஏற்ற நோன்பு அவரவர்க்கு வழிகாட்டும். இங்கு எடுத்துக்கொண்ட பொருள் உணவன்று, உற்பத்தித் தொழில். அத்தொழிலில் கருவிகள் பெறும் புதிய அறிவு யாருக்குப் பயன் தருகின்றது, அதற்கு யார் பொறுப்பு என்பதே கருத்து.

போர்க்காலத்தில் பிறந்த தொழில்

ஜவ்வரிசி முதலில் மலேயா, இந்தோனேசியத் தீவுகள் ஆகியவற்றில் வளரும் சேகோப் பனையின் தண்டிலிருந்து எடுக்கப்பட்ட மாவினால் செய்யப்பட்டது. ‘சேகோ’ என்னும் பெயரே அப்பனையின் வழியாக வந்ததாகும். மரவள்ளியோ தென்னமெரிக்காவிலிருந்து வந்த பயிர். திருவாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆட்சி செய்த விசாகம் திருநாள் மன்னர் அதனைப் பயிரிட மக்களை ஊக்குவித்தார். அங்கிருந்து அது தமிழகத்திலும் பரவிற்று.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல் மலேயா ஜப்பானியர் வசமாயிற்று. அங்கிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றது. மீன் வணிகத்தின் பொருட்டுக் கேரளத்துக்கு அடிக்கடி சென்றுவந்த சேலம் மாணிக்கம் செட்டியார், பினாங்கிலிருந்து வந்திருந்த போபட்லால் ஷா என்பவரைச் சந்தித்தார். மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் முறையை ஷா அறிந்திருந்தார். இருவரும் 1943-இல் சேலத்தில் மிக எளிய கருவிகளைக் கொண்டு உற்பத்தியைத் தொடங்கினர். அடுத்த ஆண்டில் வெங்கடாசலக் கவுண்டர் என்னும் கைதேர்ந்த மெக்கானிக் அந்தக் கருவிகளைச் செப்பம் செய்து அமைத்துக் கொடுத்தார். அதன்பின் உற்பத்தி பன்மடங்கு பெருகிற்று.

இவ்வரலாறு ஓர் உண்மையை உணர்த்துகின்றது. வணிகர் ஒருவரின் முயற்சி, கடல்கடந்து வந்த ஒருவரின் அறிவு, உள்ளூர் மெக்கானிக் ஒருவரின் கைத்திறன் ஆகிய மூன்றும் கூடியபோதே சேலத்துச் சேகோத் தொழில் பிறந்தது. புதிய கருவியைக் கண்டு அஞ்சி ஒதுங்கிய தொழில் அன்று இது. தொடக்கம் முதலே கருவியைத் திருத்தித் திருத்தி வளர்ந்த தொழில்.

1980-களின் தொடக்கத்தில் ஆலையுடைமையாளர் ஒன்றுகூடி ‘சேகோசர்வ்’ என்று அழைக்கப்பெறும் கூட்டுறவுச் சங்கத்தைச் சேலத்தில் அமைத்தனர். உறுப்பினர்களின் ஜவ்வரிசியையும் மாவையும் கிடங்குகளில் வைத்து, மாதிரிகளைப் பார்வைக்கு வைத்து, மறைமுக ஏலத்தின் வழியாக விற்கும் முறை அங்கு வந்தது. மகாராட்டிரம், குசராத்து, மத்தியப் பிரதேசம், மேற்கு வங்காளம் முதலிய மாநிலங்களுக்கு இங்கிருந்து ஜவ்வரிசி செல்கின்றது. வடபுலத்தார் நோன்பு நாள்களில் உண்ணும் சாபுதானா கிச்சடிக்குரிய பொருள் பெரும்பாலும் இச்சமவெளியின் களங்களில் உலர்ந்ததே. 2023-இல் சேலம் ஜவ்வரிசி புவிசார் குறியீடும் பெற்றது.

ஆலைக்குள் நிகழும் வேலை

ஆலையில் நிகழும் வேலையின் ஒழுங்கை அறிந்தால்தான், எங்கே எந்த மாற்றம் நேர்கின்றது என்பது விளங்கும்.

வந்திறங்கிய கிழங்கை முதலில் தோலுரித்துக் கழுவ வேண்டும். முன்னாளில் பெண்கள் வரிசையாக அமர்ந்து, கையில் கத்தியுடன் கிழங்கு ஒவ்வொன்றாகத் தோல் சீவினர். இப்போது சுழலும் உருளைகளைக் கொண்ட இயந்திரங்கள் தோலை நீக்கிக் கழுவியும் விடுகின்றன. அடுத்து, கூரிய பற்களை உடைய உருளையில் கிழங்கு துருவப்படுகின்றது. துருவிய கூழில் நீரூற்றிச் சலிக்கும்போது வெண்மையான கிழங்குப் பால் கீழே இறங்கும். சலிப்பானில் தங்கும் நார்ச்சக்கைக்குத் ‘திப்பி’ என்று பெயர். திப்பி உலர்த்தப்பட்டுக் கால்நடைத் தீவனமாகச் செல்லும்.

கிழங்குப் பாலை நீண்ட தொட்டிகளில் பல மணிநேரம் அசையாது வைத்தால் மாவு அடியில் படியும். இப்போது மையவிலக்கு இயந்திரங்கள் அவ்வேலையைச் சில நிமிடங்களில் முடிக்கின்றன. தொட்டியில் நெடுநேரம் கிடந்தால் பால் புளித்து மாவின் நிறம் மங்கும். ஆகவே விரைவு என்பது இங்கே தரமும் ஆகும்.

படிந்த ஈரமாவை உதிர்த்து, ஆட்டும் இயந்திரத்தில் இட்டால் அது சிறுசிறு மணிகளாகத் திரள்கின்றது. அம்மணிகளைச் சல்லடையில் அளவு பிரித்து, சூடான தட்டில் வறுத்தால் சாதாரண ஜவ்வரிசி. நீராவியில் வேகவைத்தால் ‘நைலான்’ ஜவ்வரிசி. பின்னர்க் களத்தில் வெயிலில் உலர்த்தி, மெருகேற்றி மூட்டை கட்டுவர். ஈரம் எவ்வளவு இருக்கும்போது மாவை உருட்ட வேண்டும், தட்டின் சூடு எந்த நிலையில் இருக்க வேண்டும், களத்தில் எப்போது கிளற வேண்டும் என்பவற்றை எல்லாம் அனுபவம் மிக்க தொழிலாளர் தம் கையாலும் கண்ணாலுமே அறிந்தனர். மாவை உள்ளங்கையில் பிடித்து விட்டால் அது உதிரும் விதத்தைக்கொண்டு ஈரத்தைச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்.

இயந்திரம் வேறு, அறிவுடைக் கருவி வேறு

மூன்று நிலைகளைப் பிரித்தறிதல் வேண்டும். முதல் நிலை, மனிதத் தசையின் வேலையை இயந்திரம் ஏற்பது. துருவும் உருளை இவ்வகை. இரண்டாம் நிலை, முன்னரே வகுத்த ஒழுங்கின்படி இயந்திரம் தானே இயங்குவது. மூன்றாம் நிலை, கருவி சூழலை உணர்ந்து, அதற்கேற்பத் தன் செயலை மாற்றிக்கொள்வது.

இரண்டாம் நிலைக்கு நெசவுத்தொழிலில் பழைய எடுத்துக்காட்டு உண்டு. பிரான்சு நாட்டின் ஜக்கார்டு என்பவர் 1804-ஆம் ஆண்டளவில் உருவாக்கிய தறியில், துளையிட்ட அட்டைகள் எந்த இழை எழும்ப வேண்டும், எந்த இழை தாழ வேண்டும் என்று ஆணையிட்டன. இன்றும் சேலத்துத் தறிகளில் ‘ஜக்கார்டு பெட்டி’ என்னும் சொல் வழங்குகின்றது. அட்டையில் எழுதிய ஆணை, பின்னர் மின்னணுவில் எழுதிய ஆணை ஆயிற்று. 1968-இல் அமெரிக்கக் கார் நிறுவனம் ஒன்றின் தேவைக்காக உருவானது ‘பி.எல்.சி.’ என்னும் நிரல்வழிக் கட்டுப்பாட்டுக் கருவி. இன்று நடுத்தர ஆலைகளின் மின்பலகைகளிலும் அச்சிறு பெட்டியைக் காணலாம்.

மூன்றாம் நிலையே இக்காலத்துக்குரியது. 2011-இல் செருமனியின் ஹனோவர் தொழிற்கண்காட்சியில் ‘தொழில் 4.0’ என்னும் பெயர் அதற்குச் சூட்டப்பெற்றது. சென்சார் எனப்படும் உணர்கருவி வெப்பத்தையும் ஈரத்தையும் நிறத்தையும் அதிர்வையும் நொடிதோறும் அளக்கின்றது. அளவுகள் கணினிக்குச் செல்கின்றன. கணினி முடிவெடுத்து மோட்டாரின் வேகத்தையோ அடுப்பின் சூட்டையோ மாற்றுகின்றது. நெல் ஆலைகளிலும் பருப்பு ஆலைகளிலும் உள்ள நிறம் பிரிக்கும் இயந்திரத்தைப் பலரும் பார்த்திருப்பர். கீழே விழும் அரிசியை கேமரா நோக்குகின்றது. கறுத்த மணி ஒன்று தென்பட்டால், அதே கணத்தில் காற்றுக் குழாய் அதனை ஊதித் தள்ளுகின்றது. காண்பது, முடிவெடுப்பது, செய்வது ஆகிய மூன்றும் மனிதர் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுகின்றன.

இங்கேதான் சிந்திக்க வேண்டிய இடம் வருகின்றது. துருவும் உருளை மனிதனின் உழைப்பை எடுத்துக்கொண்டது. உணர்கருவியோ மனிதனின் தீர்ப்பை எடுத்துக்கொள்கின்றது. உழைப்பை இயந்திரத்திடம் ஒப்படைக்கும்போது எழாத அறவினா, தீர்ப்பை ஒப்படைக்கும்போது எழுகின்றது.

‘பாயின்ட்’ என்னும் தீர்ப்பு

மீண்டும் ஆலை வாயிலுக்கு வருவோம். மாவுச்சத்து மிகுந்த கிழங்கு நீரைவிடச் சற்று அடர்த்தி மிகுந்தது. ஆகவே கிழங்கைக் காற்றில் ஒருமுறையும், கம்பிக் கூடையில் இட்டு நீருக்குள் ஒருமுறையும் எடைபோட்டால், இரண்டு எடைகளின் ஒப்பீட்டிலிருந்து மாவுச்சத்தைக் கணிக்கலாம். இஃது உலகெங்கும் அறியப்பட்ட முறை. 5 கிலோ கிழங்கு நீருக்குள் ஏறத்தாழ அரைக் கிலோ எடையையே காட்டும். ஆகையால் அங்கே சில கிராம் வேறுபட்டாலும் விடை மாறிவிடும். கிழங்கில் ஒட்டிய மண், கூடைக்குள் சிக்கிய காற்றுக்குமிழ், மாதிரிக்குத் தெரிந்தெடுத்த கிழங்கு பருத்ததா மெலிந்ததா என்பது ஆகிய ஒவ்வொன்றும் அளவைப் பாதிக்கும்.

கணக்கின் பொருட்டு, ஒரு டன்னுக்கு ஒரு பாயின்ட் 250 ரூபாய் என்று வைத்துக்கொள்க. 10 டன் ஏற்றிய லாரியில் 2 பாயின்ட் குறைந்தால் உழவர்க்கு 5,000 ரூபாய் குறையும். அவர் மறுத்து வண்டியைத் திருப்பிக்கொண்டு செல்லவும் இயலாது. பறித்த மரவள்ளி இரண்டு மூன்று நாள்களுக்குள் உள்ளே நிறம் மாறிக் கெடத் தொடங்கும். நெல்லைப்போல் குதிரில் இட்டு, விலை வரும்வரை காத்திருக்க அதனால் முடியாது. வண்டி வாடகையும் பறிப்புக் கூலியும் முன்னரே கைவிட்டுப் போயிருக்கும். எனவே அளவு எதுவோ அதனை ஏற்பதைத் தவிர வேறு வழியில்லாத நிலையில் அவர் நிற்கின்றார். அளவைப் பற்றிய ஐயமும் மனக்குறையும் உழவர்க்கும் ஆலைக்கும் இடையே நெடுங்காலமாக இருந்து வருவதற்குக் காரணம் இதுவே. நேர்மையாக அளக்கும் ஆலைக்கும் அந்த ஐயத்தின் பங்கு வந்து சேர்கின்றது.

இந்நிலையில் அறிவுடைக் கருவி பெருநன்மை செய்யக்கூடும். அகச்சிவப்புக் கதிரைப் பாய்ச்சித் தானியத்தின் ஈரத்தையும் புரதத்தையும் நொடிகளில் அளக்கும் கருவிகள் பல நாடுகளில் நெடுங்காலமாகப் பயன்படுகின்றன. கிழங்குக்கும் அத்தகைய கருவிகள் பொருந்தும். ஒரு மாதிரிக்குப் பதிலாகப் பத்து மாதிரிகளை அதே நேரத்தில் அளக்கலாம். ஆள் மாறினாலும் அளவு மாறாது.

ஆனால் கருவி தானாக உண்மை பேசுவதில்லை. அதற்கு முதலில் தரமாதிரிகளைக் காட்டி, ‘இக்கிழங்கில் மாவு இவ்வளவு’ என்று கற்பிக்க வேண்டும். எந்த இரகத்தைக் காட்டிக் கற்பித்தார்கள், அது சேந்தமங்கலத்துச் செம்மண்ணில் விளைந்ததா, வேறு நாட்டில் விளைந்ததா என்பதைப் பொறுத்தே அதன் விடை சரியாகும். கற்பித்ததில் பிழை இருந்தால், அந்தப் பிழை ஒரே சீராக ஒவ்வொரு லாரியிலும் நிகழும். கையால் நேரும் பிழை ஒருநாள் உழவர்க்குச் சார்பாகவும் ஒருநாள் ஆலைக்குச் சார்பாகவும் அமையலாம். கருவியின் பிழையோ எப்போதும் ஒரே பக்கம் சாயும். அதன் முகத்தில் ஒளிரும் எண்ணைக் கண்டு எவரும் எதிர்வினா எழுப்பவும் தயங்குவர்.

பால் சங்கம் கற்பித்த பாடம்

இதற்கு வழி உண்டு என்பதைத் தமிழகச் சிற்றூர்கள் முன்னரே கண்டுள்ளன. பால் கூட்டுறவுச் சங்கத்தை எண்ணிப் பாருங்கள். பாலின் கொழுப்பை அறிய முன்னாளில் அமிலத்தைச் சேர்த்துச் சுழற்றிப் பார்க்கும் முறை இருந்தது. விடை வருவதற்குள் பால் ஊற்றியவர் வீடு திரும்பியிருப்பார். பின்னர் மின்னணுப் பால்மானி வந்தது. பால் ஊற்றும் பெண்மணியின் கண்ணெதிரே எடை, கொழுப்பு, இதரச் சத்து, தொகை ஆகியவை திரையில் தோன்றுகின்றன. அச்சிட்ட சீட்டும் கைக்கு வருகின்றது. குசராத்தில் 1946-இல் தோன்றிய கேடா மாவட்டப் பால் கூட்டுறவின் வழிவந்த சங்கங்கள் இம்முறையைச் சிற்றூர்தோறும் பரப்பின.

அங்கே நம்பிக்கையை வளர்த்தது கருவியின் நுட்பம் மட்டுமன்று. திரை இருவர் பக்கமும் திரும்பியிருந்தது. சீட்டு இருவரிடமும் இருந்தது. சங்கத்தில் பால் ஊற்றியவரும் உறுப்பினர். அதே கருவியைத் திரையை மறைத்து, சீட்டுத் தராமல் வைத்திருந்தால், ஐயம் முன்னைவிடப் பெருகியிருக்கும்.

சேகோ ஆலை வாயிலிலும் இதனைச் செய்யத் தடையில்லை. மாதிரியை உழவரும் ஆலையும் சேர்ந்து எடுக்கலாம். அளவு இருவரும் காணும் திரையில் தோன்றலாம். நாள், எடை, பாயின்ட், விலை அடங்கிய சீட்டு உடனே அச்சாகலாம். கருவிக்கு வேண்டிய தரமாதிரியை ஆலையோ கருவி விற்பவரோ மட்டும் தீர்மானிக்காமல், வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் போன்ற பொதுநிறுவனம் சரிபார்க்கலாம். 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின்படி வணிகத்துக்குரிய எடைமேடைகள் குறித்த காலங்களில் ஆய்வு செய்யப்பட்டு முத்திரையிடப் பெறுகின்றன. எடைக்கு வேண்டிய ஒழுங்கு தரத்துக்கும் வேண்டும் என்பது நேரிய கோரிக்கையே.

களத்தில் நின்றவர்கள்

கருவி வந்தபோது மற்றொரு சாராரும் மாற்றத்துக்கு ஆளாயினர். தோல் சீவிய பெண்கள், தொட்டியில் இறங்கி ஈரமாவை வெட்டி எடுத்தவர்கள், வறுக்கும் தட்டின் அனலில் நின்றவர்கள், கொதிக்கும் களத்தில் ஜவ்வரிசியைக் கிளறியவர்கள் ஆகியோரின் பணி கடுமையானது. விரல் வெட்டுப்படுதலும், நாள் முழுதும் ஈரத்தில் நிற்றலும், அனலில் வேதலும் அதில் அடங்கும். அத்தகைய துன்பத்தை இயந்திரம் ஏற்றுக்கொண்டது நன்மை. அதனை மறுப்பவர், அவ்வேலையை ஒருநாளேனும் செய்து பார்த்திருக்க மாட்டார்.

எனினும் துன்பம் நீங்கியபோது கூலியும் நீங்கியவர் சிலர். கத்தி பிடித்த கைக்குப் பதிலாக ஆலைக்கு இப்போது வேண்டியவர், மின்பலகையைப் படிக்கத் தெரிந்தவர், மோட்டாரின் ஓசையில் கோளாறு அறிபவர், உணர்கருவியைத் துடைத்துச் சரிபார்ப்பவர். புதிய வேலைகள் பிறக்கின்றன என்பது உண்மை. பழைய வேலையை இழந்தவர்க்கே அவை கிடைக்கின்றன என்று சொல்ல இயலாது. ஐம்பது அகவை கடந்த பெண்ணுக்கு வேலை போகின்றது. இருபது அகவை இளைஞனுக்கு வேலை வருகின்றது. மொத்தக் கணக்கில் இரண்டும் சமமாகத் தோன்றலாம். அந்தப் பெண்ணின் அடுப்பங்கரையில் அவை சமம் ஆவதில்லை.

இதனை ஈடுசெய்யும் பொறுப்பு அரசுக்கும் ஆலைக்கும் சமுதாயத்துக்கும் உண்டு. தமிழ்நாட்டில் 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் ஏறத்தாழ 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் ‘தொழில் 4.0’ தரத்துக்கு உயர்த்தப்பட்டுள்ளன. பொறியியல் மாணவர்க்கும் சிறுதொழில் முனைவோர்க்கும் உதவும் பொருட்டு, டிட்கோ நிறுவனம் சென்னை டைடல் பூங்காவில் உயர்தொழில்நுட்ப மையங்களை 2022-இல் அமைத்தது. இவை நல்ல தொடக்கங்கள். ஆலைகளும் தம்மிடம் முன்னரே பணிபுரிவோரைத் தெரிந்தெடுத்துப் பயிற்சிக்கு அனுப்புதல் வேண்டும். மாவை உள்ளங்கையில் பிடித்து ஈரம் சொன்னவரே, ஈரமானி பிழையாகக் காட்டும் நாளில் அதனை முதலில் கண்டுபிடிப்பவர். அவருடைய அறிவைக் கருவிக்கு எதிரியாகக் கருதாமல், கருவிக்கு ஆசானாகக் கருதும் ஆலை இழப்பின்றி நடக்கும்.

சிற்றாலையின் முறைமை

ஆலையுடைமையாளரின் இடர்ப்பாட்டையும் எண்ண வேண்டும். சேகோ ஆலை ஆண்டு முழுதும் ஒரே சீராக ஓடுவதில்லை. கிழங்கு வரும் பருவத்தில் இரவு பகலாக ஓடும்; வராத பருவத்தில் ஓய்ந்திருக்கும். பருவத்துக்கு மட்டும் ஓடும் ஆலையில் பெருமுதலை இட்டால் வட்டி மட்டும் பருவம் பார்ப்பதில்லை. ஆகவே அனைத்தையும் ஒரே நாளில் தானியங்கி ஆக்குதல் அறிவுடைமை ஆகாது. அளவிடும் கருவியிலிருந்து தொடங்குவது நன்று. எங்கே மாவு திப்பியோடு வீணாகப் போகின்றது, எந்த மோட்டார் வீணே மின்சாரம் உண்கின்றது, ஒரு மூட்டைக்கு எவ்வளவு நீர் செலவாகின்றது என்று தெரிந்தபின், எதனை மாற்ற வேண்டும் என்பது தானே புலப்படும்.

குறிப்பாக நீர். மரவள்ளியில் இயல்பாகவே சயனைடு தரும் பொருள் உண்டு. துருவிக் கழுவும்போது அது நீரோடு வெளியேறுகின்றது. மாவின் எச்சங்களும் அந்நீரில் மிகுதி. அதனைத் தூய்மை செய்யாது விட்டால் துர்நாற்றமும் கிணற்று நீர்க்கேடும் விளையும். அதே கழிவுநீரை மூடிய கலத்தில் நொதிக்கவிட்டு எரிவாயு எடுக்கும் அமைப்புகள் சேலத்து ஆலைகள் பலவற்றில் உள்ளன. அவ்வாயு ஆலையின் எரிபொருளாகவும் மின்னாக்கத்துக்கும் உதவுகின்றது. கலத்தின் வெப்பத்தையும் புளிப்பையும் உணர்கருவி இடையறாது கண்காணித்தால் வாயு சீராகக் கிடைக்கும். தூய்மை குறைந்த நீர் ஓடைக்குச் செல்லுமுன் எச்சரிக்கையும் கிடைக்கும். ஊருக்கும் ஆலைக்கும் ஒருசேரப் பயன்தரும் இடம் இது.

வினை யாருடையது?

இறுதியாக, மேற்கூறிய அனைத்துக்கும் அடிப்படையான வினா. கருவி தவறாக அளந்தால், அத்தவறு யாருடையது?

‘கணினி அப்படிக் காட்டுகிறது’ என்பது இக்காலத்தில் எங்கும் கேட்கும் விடை. வங்கியிலும் அலுவலகத்திலும் அதனைக் கேட்டுப் பழகிவிட்டனர் மக்கள். சமண அறநூல்களைப் பயின்ற இல்லத்தார் அவ்விடையை ஏற்க இயலாது. வினையைத் தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் ஆகிய மூன்றையும் அந்நூல்கள் ஒருங்கே எண்ணுகின்றன. கருவிக்கு உயிரில்லை, ஆகவே அதற்கு வினையும் இல்லை. அதனை அமைத்தவர், அதைக் கொண்டு செய்விப்பவர், அது செய்வதை அறிந்தும் வாளா இருப்பவர் ஆகியோரிடமே வினை வந்து சேரும்.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அதிகாரம், கள்ளாமை நோன்புக்கு நேரும் குற்றங்களைக் கூறுமிடத்து, குறைத்தும் மிகுத்தும் அளக்கும் அளவைகளையும், ஒத்த தோற்றமுடைய தாழ்ந்த பொருளைக் கலந்து விற்பதையும் தனித்தனியே எண்ணுகின்றது. கொல்லாமைக்கு நேரும் குற்றங்களுள், தாங்க இயலாத சுமையை ஏற்றுதலையும் உணவைத் தடுத்தலையும் சேர்க்கின்றது. ஆலையின் சூழலில் இவற்றை வைத்துப் பார்த்தால், நூற்றாண்டுகள் கடந்தும் அவை பொருந்துவது விளங்கும். பாயின்டைக் குறைத்து அளப்பது முதற் குற்றம். மரவள்ளி மாவில் மக்காச்சோள மாவைக் கலப்பதும், வெண்மைக்காகத் தகாத வேதிப்பொருளைச் சேர்ப்பதும் இரண்டாவது; உணவுப் பாதுகாப்புத் துறையினர் இவற்றுக்காக ஆலைகளில் சோதனை நடத்தியதுண்டு. இயந்திரத்தின் வேகத்துக்கு ஈடாக மனிதரை ஓடவைப்பது மூன்றாவது. மாற்றுவழி காட்டாது ஒருவரின் கூலியைப் பறிப்பது நான்காவது. இவற்றுள் எதனையும் கருவி புதிதாகப் படைக்கவில்லை. முன்னிருந்த குற்றத்தை விரைவாகவும் கண்ணுக்குத் தெரியாமலும் செய்ய அது உதவக்கூடும். அதேபோல, அக்குற்றத்தை ஒளிக்க இயலாதபடி வெளிச்சத்தில் நிறுத்தவும் அதனால் முடியும். எந்த வழியில் செல்வது என்பதைக் கருவியை நிறுவும் நாளில் மனிதர்தாம் முடிவு செய்கின்றனர்.

இக்கூட்டத்தில் உள்ள குடும்பங்களின் பிள்ளைகளுள் பலர் பொறியியலும் கணினியியலும் பயின்று சென்னையிலும் பெங்களூரிலும் பணிபுரிகின்றனர். அவர்கள் எழுதும் நிரல் எங்கோ ஓர் ஆலையில் ஒருவருடைய விலையையோ கூலியையோ முடிவு செய்யும். எழுதும்போது மூன்று வினாக்களைத் தமக்குள் கேட்டுக்கொண்டால் போதும். இந்த அளவால் விலை பெறுபவர் இந்த அளவைக் காண இயலுமா? காட்டிய எண் தவறென்று அவர் கருதினால், மீண்டும் அளக்கச் சொல்ல வழியுண்டா? இக்கருவியால் வேலை இழப்பவர்க்கு வேறொரு வாயில் திறக்கப்பட்டதா? மூன்றுக்கும் ஆம் என்று விடை வருமாயின், அந்தக் கருவியை மகிழ்வோடு நிறுவலாம்.

அடுத்த பருவத்திலும் கொல்லிமலை அடிவாரத்திலிருந்து கிழங்கு லாரிகள் புறப்படும். எடைமேடையில் வண்டி நிற்கும். உழவர் இறங்கி வந்து திரையை நோக்குவார். அத்திரை அவர் பக்கமும் திரும்பியிருக்குமாயின், அதில் தோன்றும் எண்ணை அவர் ஐயமின்றி ஏற்பார். ஆலையும் தலைநிமிர்ந்து கொடுக்கும். நிறைகோலை நேரே பிடித்தல் வணிகத்தின் பழைய அறம். நிறைகோல் மின்னணுவாக மாறிய காலத்திலும் அவ்வறம் மாறவில்லை.

அறம் ஓங்குக.